கிட்டார் பெடல்போர்டுக்கு ஏற்ற மின்வழங்கி: லூமுட் வட்டார மேடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

மின்கிட்டாரின் தந்தி அதிர்வில் பிறக்கும் மெல்லிய மின்சமிக்ஞை ஒலிபெருக்கியைச் சென்றடையும் முன் அதைக் கரகரப்பாக்கவும், எதிரொலிக்கச் செய்யவும், அலைபாய வைக்கவும் பயன்படும் சிறு பெட்டிகள், காலால் மிதித்து இயக்கப்படுவதால் பெடல்கள் எனப்படுகின்றன. அவற்றில் நான்கோ எட்டோ ஒரே பலகையில் பதிக்கப்பட்டு, குறுங்கேபிள்களால் ஒன்றோடொன்று இணைக்கப்படும்போது அது பெடல்போர்டு ஆகிறது. எந்தப் பெடலுக்குப் பின் எந்தப் பெடல், எந்தக் கரகரப்புக்கு எந்தச் சில்லு என்பன பற்றி வாசிப்போர் மணிக்கணக்கில் வாதிடுவதுண்டு. அத்தனைக்கும் மின்சாரம் ஊட்டும் பெட்டியோ கடைசியாக, கையில் மிஞ்சிய பணத்தில் வாங்கப்படுகிறது. பலகையிலுள்ள எல்லாப் பெடல்களின் நலமும் தூய்மையும் அந்த ஒரு பெட்டியைச் சார்ந்திருப்பதால் இந்த வரிசை தலைகீழானது என்பதும், மின்வழங்கியைத் தேர்வதில் நிறுவனத்தின் பெயரைவிட மின்தனிமையும் எர்த் தொடர்புமே முதலில் ஆராயப்பட வேண்டியவை என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்துக் கடற்கரை ஊரான லூமுட், பங்கோர் தீவுக்குப் படகேறும் துறையாகவும் அரச மலேசியக் கடற்படையின் முதன்மைத் தளமாகவும் அறியப்பட்டது. இதற்குத் தெற்கே கடலைத் தூர்த்து அமைத்த நிலத்தில் நிற்கும் சுல்தான் அஸ்லான் ஷா அனல்மின் நிலையம், தலா 700 மெகாவாட் திறனுடைய மூன்று அலகுகளோடு தொடங்கி, 2015இலும் 2017இலும் சேர்ந்த இரு பெரிய அலகுகளால் 4,000 மெகாவாட்டைத் தாண்டிய நிலையமாக வளர்ந்துள்ளது. நாட்டுக்கே மின்சாரம் அனுப்பும் இடத்துக்குப் பக்கத்திலேயே, கோயில் திடலிலும் பழைய தோட்டத்து மைதானத்திலும் அமைகிற இசைநிகழ்ச்சி மேடைகள் பெரும்பாலும் வாடகை ஜெனரேட்டரையே நம்பியிருக்கின்றன என்பது சற்று வேடிக்கையானதுதான். சித்தியவான், ஆயர் தாவார் பகுதிகளில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, தோட்டத்து மக்கள் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்த பின்னரும், ஆண்டுத் திருவிழாவும் அதையொட்டிய இசைக்குழுவின் கச்சேரியும் நின்றுவிடவில்லை. மின்கிட்டார் மலேசியத் தமிழருக்கு நேற்று வந்ததும் அன்று. 1960களின் இறுதியில் பினாங்கில் உருவாகி நாடறிந்த குழுவாக வளர்ந்த அலிகேட்ஸின் லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்கள் தமிழரே. இவ்வட்டாரத்துக் கிட்டார் கலைஞர் ஒருவரின் பெடல்போர்டு ஒரு வாரம் திருமண மண்டபத்தின் சுவர் பிளக்கிலும், மறுவாரம் பங்கோர் படகிலும், அதற்கடுத்து ஜெனரேட்டர் கேபிளின் முனையிலும் இருக்கக்கூடும். அவருக்கான மின்வழங்கி இம்மூன்றையும் தாங்க வேண்டும்.

பெடல்களின் மின்தேவை ஏன் பெரும்பாலும் 9 வோல்ட்டாக அமைந்தது என்ற கேள்விக்கு விடை பேட்டரியில் இருக்கிறது. 1962இல் வெளிவந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் கருவி 1.5 வோல்ட் பேட்டரிகள் இரண்டில் இயங்கியது. ஆனால் டிரான்சிஸ்டர் வானொலிகளுக்காக 1950களில் பரவிய செவ்வக வடிவ 9 வோல்ட் பேட்டரி எல்லாக் கடைகளிலும் கிடைத்ததால், 1966இன் ஃபஸ் ஃபேஸ் உள்ளிட்ட பின்வந்த கருவிகள் அதையே பற்றிக்கொண்டன. 1977இல் ஜப்பானின் பாஸ் நிறுவனம் கையடக்கப் பெடல் வரிசையைத் தொடங்கியதை அடுத்து, சுவரில் செருகும் அடாப்டரின் வடிவமும் மெல்ல ஒரே முறைக்கு வந்தது. இன்று நடைமுறையிலுள்ள அந்த முறை, 5.5 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2.1 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட உருளைப் பிளக்கில், நடுத்துளை எதிர்முனையாகவும் வெளியுறை நேர்முனையாகவும் அமைவதாகும். இது எந்த அரசும் விதித்த தரமன்று, பழக்கத்தால் வந்தது மட்டுமே; ஆகவே விதிவிலக்குகளும் நிறைய, அவ்விலக்குகளில்தான் பெடல்கள் கருகுகின்றன.

முதலில் பொருந்த வேண்டியது மின்னழுத்தம். பழைய, மலிவான அடாப்டர்கள் ஒழுங்குபடுத்தப்படாதவை; அதாவது அவற்றின் மேல் 9 வோல்ட் என்று அச்சிடப்பட்டிருப்பது முழுச் சுமையின்போது கிடைக்கும் அளவே, சுமை குறைவாக இருக்கும்போது அவை 12 அல்லது 13 வோல்ட் வரை தரும். ஒரு சிறு கரகரப்புப் பெடல் நான்கைந்து மில்லிஆம்பியர் மட்டுமே இழுப்பதால், அதற்கு எப்போதும் இந்த உயர்ந்த அழுத்தமே போய்ச்சேரும். எளிய டிரான்சிஸ்டர் சுற்றுகள் இதைப் பொறுத்துக்கொள்ளலாம்; ஆனால் உள்ளே மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும் சில்லு கொண்ட பெடல்கள் பொறுக்கமாட்டா, ஏனெனில் அவ்வகையில் பரவலாகப் பயன்படும் மேக்ஸ்1044 என்ற சில்லின் தாங்குதிறன் 10 வோல்ட்டை ஒட்டி முடிந்துவிடுகிறது. பாஸ் நிறுவனத்தின் பழைய பெடல்களில் சிலவற்றின் மேல் ஏசிஏ என்று குறிக்கப்பட்டிருப்பதற்கும் பழைய அடாப்டர்களின் இந்த மிகையழுத்தமே காரணம். அவை ஒழுங்குபடுத்தப்படாத அடாப்டருக்காகவே வடிவமைக்கப்பட்டு, மிகையழுத்தத்தைக் குறைக்கும் மின்தடையை உள்ளேயே கொண்டவை. இன்றைய ஒழுங்குபடுத்தப்பட்ட 9 வோல்ட்டைக் கொடுத்தால் அவற்றின் விளக்கு மங்கி ஒலி சோரும்; பழுதென்று கருதிப் பழைய பெடலை விற்றுவிடுவோர் உண்டு. மறுபுறம், 18 வோல்ட்டை ஏற்கும் பெடல்களும் இருக்கின்றன, அவற்றில் ஒலி சிதையாமல் உயரும் எல்லை விரிகிறது; எது ஏற்கும், எது ஏற்காது என்பதைக் கையேட்டைப் பார்த்தே அறிய வேண்டும், காதால் சோதிக்கக் கூடாது.

அடுத்துவரும் முனைத்திசையும் பிளக்கின் அளவும் கண்ணால் சரிபார்க்கத்தக்கவை என்பதால் இங்கு நெடிது பேசத் தேவையில்லை. ஈவென்டைடு எச்9 போன்ற சில கருவிகள் அதே 9 வோல்ட்டையே, ஆனால் நடுவில் நேர்முனையோடு, கேட்கின்றன. லைன் 6 நிறுவனத்தின் பச்சைநிற டிஎல்4, டிஜிடெக் வாமியின் பழைய பதிப்புகள் போன்றவையோ நேர்த்திசை மின்னோட்டத்துக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. அவற்றுக்கு 9 வோல்ட் மாறுதிசை மின்னோட்டம் தேவை, அதாவது மின்மாற்றியிலிருந்து திருத்தப்படாமல் அப்படியே வரும் மின்சாரம். அடாப்டரின் முதுகிலும் பெடலின் முதுகிலும் உள்ள குறியீடுகளை ஒப்பிடும் பழக்கம் இருந்தால் இவ்வகை விபத்துகள் அனைத்தையும் தவிர்க்கலாம்.

மின்னோட்டத்தைப் பற்றிய அச்சம் வேறுவகையானது. 4 மில்லிஆம்பியர் மட்டுமே இழுக்கும் பாஸ் டிஎஸ்-1 பெடலை 500 மில்லிஆம்பியர் தரவல்ல துளையில் இணைத்தால் அது எரிந்துவிடும் என்று நினைப்போர் இன்றும் இருக்கின்றனர். மின்னழுத்தம் தள்ளப்படுவது, மின்னோட்டமோ இழுக்கப்படுவது. பானை நிறையச் சோறு இருக்கிறது என்பதற்காகப் பசிக்கு மேல் யாரும் உண்பதில்லை. எனவே துளையின் திறன் தேவையைவிடக் கூடுதலாக இருப்பதால் தீங்கில்லை, குறைவாக இருப்பதே தீங்கு. இக்காலப் பெடல்களில் பசி பெரிதும் வேறுபடுகிறது. பாஸ் டியூ-3 சுருதிக் கருவி 30 மில்லிஆம்பியரில் தொடங்கி, திரையின் ஒளியைக் கூட்டினால் 85 வரை செல்லும். ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை போன்ற எண்ணியல் முழக்கக் கருவி 300 மில்லிஆம்பியர் கேட்கும். லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் 3 ஆம்பியர் அடாப்டரோடு விற்கப்படுகிறது. எண்ணியல் பெடல்களுக்குள் கணினிச் செயலி இருப்பதே இந்த இடைவெளிக்குக் காரணம். போதிய மின்னோட்டம் கிடைக்காத எண்ணியல் பெடல் மெல்ல ஒலி குன்றுவதில்லை. பாதிக் கச்சேரியில் அணைந்து, மீண்டும் உயிர்பெற்று, அமைத்துவைத்த எதிரொலியை மறந்து நிற்கும். துளைகளின் மொத்தத் திறனைக் கூட்டிப் பார்ப்பதும் போதாது. எட்டுத் துளைகளும் சேர்ந்து 2 ஆம்பியர் தரும் பெட்டி, எந்தவொரு துளையிலும் 250 மில்லிஆம்பியருக்கு மேல் தராததாக இருக்கலாம். ஒவ்வொரு பெடலின் தேவையையும் அதற்கான துளையின் திறனோடு தனித்தனியே ஒப்பிட்டு, நான்கில் ஒரு பங்காவது மிச்சம் விடுவதே பாதுகாப்பான வழக்கம்.

இக்கேள்வியின் கடினமான பகுதி இரைச்சலாகும். ஒரே அடாப்டரிலிருந்து கிளைத்து, பூச்சரம்போல் பல பிளக்குகள் தொங்கும் கம்பியால் எல்லாப் பெடல்களுக்கும் மின்சாரம் கொடுப்பது மிகவும் மலிவான முறை. இம்முறையில் ஒவ்வொரு பெடலின் எதிர்முனையும், மின்கம்பி வழியாக ஒருமுறையும் கிட்டார் கேபிளின் வெளிப்பின்னல் வழியாக மறுமுறையுமாக, அடுத்த பெடலோடு இருமுறை இணைந்துவிடுகிறது. இப்படி உருவாகும் மூடிய வளையத்தை எர்த் வளையம் என்பர். அருகிலுள்ள மின்மாற்றியோ மேடை விளக்குக் கம்பியோ எழுப்பும் காந்தப்புலம் அவ்வளையத்தில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டி, கிட்டாரின் சமிக்ஞையோடு கலக்கிறது. மலேசியாவின் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. திருத்தப்பட்ட பின் எஞ்சும் அலைவு அதன் இருமடங்கான 100 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். கிட்டாரின் ஆறாம் தந்தியில் மூன்றாம் பிரெட்டை அழுத்தினால் பிறக்கும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். ஆகவே திருத்தம் சரியில்லாத அடாப்டரோடு அந்தச் சுரத்தை நீட்டி வாசிக்கும்போது, சுரமும் இரைச்சலும் உரசி நொடிக்கு இரண்டு முறை ஏறியிறங்கும் அலைச்சல் கேட்கும். சுருதி சேரவில்லையென்று தந்தியை முறுக்கினால் சுருதிதான் கெடும். 60 சுழற்சி மின்சாரமுள்ள அமெரிக்காவில் இதே இரைச்சல் 120 ஹெர்ட்ஸில், பி சுரத்துக்குச் சற்றுக் கீழே அமைவதால், அந்நாட்டார் எழுதும் அறிவுரைகளில் இந்த ஜி சுரத்து வேதனைக்கு இடமில்லை.

எர்த் வளையம் உறுமுகிறது என்றால், எண்ணியல் பெடல்கள் கீச்சிடுகின்றன. அவற்றின் செயலியும் உள்ளிருக்கும் மாற்றிச் சுற்றும் நொடிக்குப் பல இலட்சம் முறை மின்னோட்டத்தைத் துண்டித்து இணைப்பவை. அந்தத் துடிப்புகள் தனித்தனியே செவிக்கு எட்டாத உயரத்தில் இருந்தாலும், இரு கருவிகள் ஒரே எதிர்முனைக் கம்பியைப் பகிரும்போது அவற்றின் வேறுபாட்டு அதிர்வெண் செவியெல்லைக்குள் விழுந்து, கொசுவின் ரீங்காரத்தை ஒத்த ஓசையாகிறது. கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும் பெடலின் திரும்புபாதை, மெல்லிய சமிக்ஞையின் திரும்புபாதையோடு ஒன்றாகிவிடுவதே சிக்கலின் வேர். பலகையில் உயர்பெருக்கத்தில் வைத்த கரகரப்புப் பெடலும் இருந்தால் ரீங்காரம் பன்மடங்காகும்.

இவ்விரண்டுக்கும் பொதுவான மருந்து, துளைகளை ஒன்றிலிருந்து ஒன்று மின்னியலாகத் தனிமைப்படுத்துவது. தனிமைப்படுத்திய மின்வழங்கியில் ஒவ்வொரு துளைக்கும் மின்மாற்றியில் தனிச் சுருளோ தனி மாற்றிச் சுற்றோ உண்டு. ஒரு துளையின் எதிர்முனைக்கும் மற்றொன்றின் எதிர்முனைக்கும் பெட்டிக்குள் தொடர்பே இல்லை. பெடல்களின் எதிர்முனைகள் கிட்டார் கேபிளின் வழியாக மட்டும் ஒருமுறை இணைகின்றன, வளையம் திறந்துவிடுகிறது. வூடூ லேப் நிறுவனத்தின் பெடல் பவர் 2 பிளஸ் எட்டுத் தனித் துளைகளால் இம்முறையைப் பரவலாக்கியது. ஸ்ட்ரைமன் ஸூமா ஒன்பது துளைகளிலும் தலா 500 மில்லிஆம்பியர் தரும் அளவுக்கு அதை உயர்த்தியது. ஆனால் சந்தையில் தனிமை என்ற சொல் தாராளமாகவே பயன்படுத்தப்படுகிறது. துளைக்கொரு மிகைச்சுமைக் காப்பு மட்டும் வைத்து, எதிர்முனைகளை உள்ளே ஒன்றாகவே கட்டிய பெட்டிகளும் அதே சொல்லைத் தாங்கி மலிவாகக் கிடைக்கின்றன. இதைக் கண்டறியப் பத்து விநாடி போதும்: பெட்டியைச் சுவர் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, இரு துளைகளில் செருகிய கம்பிகளின் நடுமுனைகளில் மல்டிமீட்டரின் இரு ஊசிகளையும் வைத்து மின்தடையை அளந்தால், சுழியை ஒட்டிய அளவு காட்டும் பெட்டி தனிமைப்படுத்தப்பட்டதன்று. விற்பனையாளர் முன்னிலையிலேயே இதைச் செய்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தனிமை இரைச்சலை மட்டும் தீர்ப்பதில்லை. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் கொண்ட பழைய பாணி ஃபஸ் பெடல்கள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உலோகப் பெட்டியோடும் கேபிள் உறையோடும் இணைக்கப்பட்டிருக்கும். மற்றப் பெடல்கள் எல்லாவற்றிலும் அந்த இடத்தில் எதிர்முனை இருக்கிறது. இவ்விரு வகையையும் ஒரே சரக்கம்பியில் கோத்தால், கிட்டார் கேபிள் செருகப்பட்ட மறுகணம் மின்வழங்கியின் இரு முனைகளும் நேராக முட்டிக்கொள்ளும். தனித்துளையில், முனை மாற்றும் கம்பியோடு இணைத்தால் அதே பெடல் அமைதியாக இயங்கும். இரு 9 வோல்ட் துளைகளைத் தொடராக்கி 18 வோல்ட் பெறும் கம்பியும் தனிமைப்படுத்திய துளைகளில் மட்டுமே செல்லும். என்றாலும், நான்கு எளிய ஒப்புமைப் பெடல்கள் மட்டும் வைத்திருப்பவர் தரமான ஒழுங்குபடுத்தப்பட்ட அடாப்டர் ஒன்றும் சரக்கம்பி ஒன்றும் வாங்கி நிம்மதியாக வாசிக்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தனிமைக்காகப் பல நூறு ரிங்கிட் செலவிடுமாறு அவரை மிரட்டுவது வணிகம், அறிவுரையன்று. எண்ணியல் பெடலோ ஜெர்மானியம் ஃபஸ்ஸோ பலகையில் சேரும் நாளில்தான் அந்தச் செலவுக்கு நியாயம் பிறக்கிறது.

இரைச்சல் கேட்டதும் மின்வழங்கியைப் பழிப்பதும் தவறாகலாம். ஒற்றைச் சுருள் பிக்கப் கொண்ட கிட்டார் தானாகவே அருகிலுள்ள காந்தப்புலத்தை வாங்கி உறுமும். கலைஞர் திரும்பி நின்றால் இரைச்சல் கூடிக் குறைந்தால் அது பிக்கப்பின் வேலை. ஐயத்துக்குரிய பெடலில் மட்டும் மின்கம்பியை எடுத்துவிட்டுப் புதிய பேட்டரியைப் போட்டு, இரைச்சல் மறைகிறதா என்று பார்ப்பதே மிக எளிய நோய்நாடல்.

மின்வழங்கியின் உள்ளமைப்பில் இரு மரபுகள் உள்ளன. முதலாவது, கனமான இரும்பு மின்மாற்றியால் 230 வோல்ட்டை நேரடியாகக் குறைத்துத் திருத்தும் நேரியல் முறை. இரண்டாவது, சுவர் மின்சாரத்தை முதலில் திருத்தி, உயர் அதிர்வெண்ணில் துண்டாக்கிச் சிறிய மின்மாற்றி வழியே அனுப்பும் ஸ்விட்சிங் முறை, அதாவது கைப்பேசிச் சார்ஜரின் முறை. நேரியல் பெட்டி ஒலித்தூய்மையில் சிறந்தது என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. இன்று நன்கு வடிவமைத்த ஸ்விட்சிங் பெட்டிகள் அதற்கு இளைத்தவை அல்ல. நேரியல் பெட்டிக்கென ஒரு குறையும் உண்டு. அதன் மின்மாற்றியைச் சுற்றிப் பரவும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம், வா-வா பெடலுக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் நேராகப் புகும். வளைய வடிவ மின்மாற்றி இக்கசிவைக் குறைக்கிறதே தவிர ஒழிப்பதில்லை. பலகைக்கு அடியில் பெட்டியையும் அதற்கு நேர் மேலே வா-வா பெடலையும் வைத்துவிட்டு உறுமலின் காரணத்தைத் தேடுவோருக்கு, பெடலை ஒரு சாண் நகர்த்திப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

லூமுட் போன்ற ஊரில் இத்தேர்வை முடிவுசெய்வது ஒலித்தூய்மை அன்று, சுவரிலும் ஜெனரேட்டரிலும் வரும் மின்சாரமே. மலேசியாவின் அறிவிக்கப்பட்ட மின்னழுத்தம் 230 வோல்ட். முன்பு அது 240ஆக இருந்தது, இன்றும் பல வீடுகளில் அளந்தால் அதையொட்டிய அளவே காட்டும். ஜப்பானிலிருந்து பழைய பெடல்களோடு வந்துசேரும் அடாப்டர்கள் 100 வோல்ட்டுக்கானவை, அமெரிக்காவிலிருந்து வருபவை 120 வோல்ட்டுக்கானவை. பாஸ் நிறுவனத்தின் பிஎஸ்ஏ அடாப்டரின் பெயரில் 100, 120, 230 என ஒட்டியிருக்கும் எண் இதையே குறிக்கிறது. பிளக்கின் வடிவை மாற்றும் சிறு துண்டைப் பொருத்தி 100 வோல்ட் அடாப்டரை மலேசியச் சுவரில் செருகினால் அதன் ஆயுள் சில நொடிகளே. அழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வாங்கினாலும் சுழற்சி 50இலிருந்து 60ஆக மாறிவிடாது. 60 சுழற்சிக்கென மட்டும் இரும்பைச் சிக்கனமாக வைத்துச் செய்த நேரியல் பெட்டி 50 சுழற்சியில் கூடுதலாகச் சூடேறி உறுமும். ஸ்விட்சிங் பெட்டிகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை, 50, 60 ஆகிய இரு சுழற்சிகளிலும் இயங்குவதால் இத்தொல்லைகள் அவற்றுக்கில்லை.

ஜெனரேட்டரில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. இருமுனை ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால்தான் 50 ஹெர்ட்ஸ் கிடைக்கும். மேடை விளக்குகள் அனைத்தும் ஒருங்கே எரியும்போது இயந்திரம் திணறினால் சுழற்சியும் அழுத்தமும் சேர்ந்து சரிகின்றன, விளக்கு அணையும்போது எகிறுகின்றன. பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கு மாலையில் சில மணி நேரம் மட்டும் தோட்டத்து ஜெனரேட்டரால் மின்சாரம் தந்த காலத்தைக் கண்டவர்களுக்கு, குண்டு விளக்கு மங்கிப் பிரகாசிக்கும் அந்தத் தாளம் நன்கு தெரியும். நேரியல் பெட்டி இந்த ஏற்றத்தாழ்வைத் தன் வெளியீட்டுக்கு ஓரளவு கடத்திவிடும், அழுத்தம் மிகவும் சரிந்தால் அதன் ஒழுங்குபடுத்தி கைவிட்டு 100 ஹெர்ட்ஸ் உறுமல் நுழையும்; ஸ்விட்சிங் பெட்டி 180 வோல்ட்டுக்குச் சரிந்தாலும் அசையாது. எனவே வெளியரங்க மேடைகளில் அடிக்கடி வாசிப்பவருக்கு, தனிமைப்படுத்திய துளைகளும் பரந்த உள்ளீட்டு எல்லையும் கொண்ட ஸ்விட்சிங் மின்வழங்கியே பொருத்தமானது.

பேட்டரியும் பவர் பேங்க்கும் இவ்விடத்தில் மாற்றுவழிகளாக முன்வைக்கப்படுகின்றன. 9 வோல்ட் அல்கலைன் பேட்டரியின் கொள்ளளவு ஏறத்தாழ 500 மில்லிஆம்பியர்-மணி. 4 மில்லிஆம்பியர் இழுக்கும் கரகரப்புப் பெடலுக்கு அது நூறு மணி நேரத்துக்கு மேல் வரும், 300 மில்லிஆம்பியர் கேட்கும் எண்ணியல் பெடலுக்கோ கணக்குப்படியே இரண்டு மணி நேரம்கூட வராது, நடைமுறையில் அதிலும் வெகுவாகக் குறையும். உள்ளீட்டுத் துளையில் கேபிள் செருகியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும் என்பதால், ஒத்திகை முடிந்ததும் கேபிளை உருவிவிடுவது அவசியம். பவர் பேங்க்கின் 5 வோல்ட்டை 9 வோல்ட்டாக உயர்த்தும் கம்பிகள் மலிவானவை. ஆனால் உயர்த்தும் சுற்றே கீச்சிடலாம், மின்னிழுப்பு மிகக் குறைவென்றால் பவர் பேங்க் தானாகவே அணைந்தும் விடலாம். பெடல்களுக்கெனவே செய்த லித்தியம் பெட்டிகள் இக்குறைகளைப் பெருமளவு தவிர்க்கின்றன. மூன்று பெடல்களோடு பங்கோருக்குப் படகேறுபவருக்கு அத்தகைய பெட்டி, ஜெனரேட்டரின் எல்லாச் சேட்டைகளிலிருந்தும் முழு விடுதலை தருகிறது.

கடற்கரையும் தட்பவெப்பமும் தம் பங்குக்குக் குறுக்கிடுகின்றன. உப்புக் காற்றில் பிளக்கின் முலாம் மங்கித் தொடுமுனைகளில் மின்தடை கூடும்போது, விட்டுவிட்டு அணையும் பெடலுக்கும் கரகர ஓசைக்கும் மின்வழங்கி பழி சுமக்கிறது. தொடுமுனை துப்புரவுத் திரவம் சில துளிகள் பல பழுதுகளைத் தீர்த்துவிடும். பலகைக்கு அடியில் காற்றில்லாமல் அடைக்கப்பட்ட பெட்டி, 32 பாகை வெயிலில் திறந்த மேடையில் இயங்கும்போது, அதன் அச்சிட்ட திறன் முழுவதையும் எதிர்பார்ப்பது கூடாது. மலேசியா இடிமின்னல் மிகுந்த நாடு என்பதால், மிகையழுத்தக் காப்புள்ள நீட்டிப் பலகை வீண்செலவன்று. மழை இருட்டும் மாலையில் பிளக்கை உருவிவிடுவது அதைவிட உறுதியான காப்பு. இந்நாட்டில் விற்கப்படும் அடாப்டர்கள், எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலும் சிரிம் முத்திரையும் பெற வேண்டிய பொருள்களில் அடங்கும். இணையத்தில் மிக மலிவாக வரும் முத்திரையற்ற அடாப்டரில், 230 வோல்ட் பக்கத்துக்கும் 9 வோல்ட் பக்கத்துக்கும் இடையே போதிய இடைவெளியோ காப்போ இருக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. அந்த 9 வோல்ட் பக்கமோ கேபிள் வழியாகக் கிட்டார் தந்திகளோடு, ஆகவே கலைஞரின் விரல்களோடு, நேராக இணைந்திருக்கிறது.

அதனால்தான் எர்த் பற்றிய பேச்சு இரைச்சலோடு முடிவதில்லை. இருமுனை ஸ்விட்சிங் அடாப்டர்களில் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் சிறு மின்தேக்கி வழியே மிகச் சிறிய கசிவு இருப்பது இயல்பு. தந்தியில் மெல்லிய சுருக்கென்ற உணர்வு தோன்றினால் அதன் காரணம் பெரும்பாலும் இதுவே. ஒலிபெருக்கியின் மூன்றுமுனைப் பிளக் நல்ல எர்த்தில் இருந்தால் அக்கசிவு அங்கே வடிந்துவிடும். ஆனால் சிறு ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்படுவதில்லை, மண்ணில் எர்த் கம்பி அடிப்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். அந்நிலையில் கிட்டார் ஒலிபெருக்கி ஒரு மின்மூலத்திலும் மைக் அமைப்பு வேறொன்றிலும் இருந்தால், தந்தியைத் தொட்ட கையோடு மைக்கில் வாய் வைப்பவர் இரண்டுக்கும் பாலமாகிறார். 1972 மே மாதத்தில் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீ நகர மேடையில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மின்னதிர்ச்சியில் இறந்தார். உறுமலை நிறுத்துவதற்காக ஒலிபெருக்கிப் பிளக்கின் எர்த் கம்பியைத் துண்டிக்கும் வழக்கம் மேடைகளில் அவ்வப்போது தலைகாட்டுகிறது. தனிமைப்படுத்திய மின்வழங்கி அந்த உறுமலில் தன் பங்கைத் தீர்க்கும், ஒலிக் கேபிளின் பாதையில் வைக்கும் தகுந்த தனிமைப்பெட்டி மீதியைத் தீர்க்கும். கம்பியைத் துண்டிப்பது எதையும் தீர்ப்பதன்று.

இவ்வட்டாரத்தில் ஐந்தாறு பெடல்களோடு வாசிக்கும் ஒருவருக்கு, 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பதும், உண்மையாகவே தனிமைப்படுத்திய ஆறு அல்லது எட்டுத் துளைகள் கொண்டதும், அவற்றில் இரண்டிலாவது 400 மில்லிஆம்பியருக்குக் குறையாமல் தருவதும், சிரிம் முத்திரை பெற்றதுமான ஸ்விட்சிங் பெட்டி போதும். அதற்கு மேலான விலை பெரும்பாலும் எடைக் குறைவுக்கும் பெயருக்குமே போகிறது. வாங்குமுன் ஒவ்வொரு பெடலின் வோல்ட், முனைத்திசை, மில்லிஆம்பியர் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மல்டிமீட்டர் ஒன்றையும் கையோடு கடைக்குக் கொண்டுசெல்வது நல்லது. அதே மல்டிமீட்டரால் மேடையில், கிட்டாரைத் தோளில் மாட்டுமுன், மைக்கின் வலைக்கும் கிட்டாரின் தந்திக்கும் இடையே மாறுதிசை மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அது சரிசெய்யப்படும்வரை வாசிக்க மறுத்துவிடுவதே முறை.